வாஸ்யாவுக்கு ஒரு பிடி

சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்த பிறகும் பூனை எப்படிப் பெருத்துக்கொண்டே போகிறது என்று வலியுல்லாவுக்குப் புரியவில்லை.

நந்தனத்தில் அண்ணா சாலையைப் பார்த்து நிற்கும் கண்ணாடிக் கட்டடம். ஆறாவது மாடிக் கழிப்பறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு, செல்போனை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்தபடி அவர் நின்றிருந்தார். திரையில் ஒரு சாம்பல் நிறப் பூனையின் முகம் தெரிந்தது. முகத்துக்குப் பின்னால், முகத்தைவிடப் பெரிதாக வயிறு.

"போன வாரம் இப்படி இல்லையேடா செல்லம்," என்றார் மெதுவாக.

வெளியிலிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள். "சார், உள்ள யாரு? எவ்ளோ நேரமா பேசிகினே கீறீங்க!"

"ஒரு நிமிஷம்பா," என்ற வலியுல்லா அவசரமாகத் திரையில் இருந்த பொத்தானை அமுக்கினார். எங்கோ வோல்கா நதிக்கரையில், ஊருக்கு வெளியே, கதவடியில் பூனை போய்வர ஓட்டை வைத்த ஒரு மரவீட்டுச் சமையலறையில், வெள்ளைப் பெட்டி ஒன்று கரகரவென்று சுழன்று கிண்ணத்தில் ஒரு பிடித் தீனியைக் கொட்டியது. பூனை தலையைக் குனிந்துகொண்டது. வலியுல்லா தண்ணீரைத் திறந்துவிட்டு, கழிப்பறைக்கு வந்தவரைப் போல வெளியே நடந்தார்.

அவர் வேலை பார்த்தது ஓர் ஐரோப்பிய நிறுவனத்தின் சென்னைக் கிளையில். வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் பூனைக்கும் நாய்க்கும் தானாகவே சாப்பாடு போடும் பெட்டியை அந்த நிறுவனம் செய்து விற்றது. பெட்டியில் ஒரு சின்ன கேமரா உண்டு. கிண்ணத்தையும், கிண்ணத்தில் வாய் வைப்பது யார் என்பதையும் மட்டும் அது காட்டும். பூனைக்காரர் உலகத்தின் எந்த மூலையிலிருந்து பொத்தானை அமுக்கினாலும் செய்தி நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்து பெட்டிக்குப் போகும். சர்வர் கைவிட்டால் அது வெறும் டப்பா. பெட்டி ஏன் திறக்கவில்லை, ஏன் மூடவில்லை என்று உலகமெங்கும் இருந்து வரும் புலம்பல்களுக்குப் பதில் சொல்வதுதான் சென்னைக் கிளையின் வேலை.

அந்த வருடம் பிப்ரவரியில் ரஷ்யா போரைத் தொடங்கியது. அடுத்தடுத்துப் பொருளாதாரத் தடைகள் வந்தன. ரஷ்ய வங்கிகளிலிருந்து பணம் வருவது நின்றது. பெட்டிகளை ஏற்றிப்போகக் கப்பல்காரர்கள் மறுத்தார்கள். பெட்டிக்குள் இருக்கும் சிப் தடைக்குள் வருமா வராதா என்று வக்கீல்களுக்கே சொல்லத் தெரியவில்லை. பெரிய பெரிய கம்பெனிகளே மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, பூனைச் சோற்றுக்காக வழக்கில் மாட்டிக்கொள்ளத் தலைமையகம் தயாராக இல்லை. ரஷ்யாவை விட்டு வெளியேறுவது என்று முடிவெடுத்தார்கள். வெளியேறும் வேலையைச் சென்னைக்கு அனுப்பினார்கள்.

அதற்குப் பொறுப்பாக வலியுல்லாவைப் போட்டார்கள். அந்த ஆபீசில் எல்லோருடைய பெயரையும் வெட்டிச் சுருக்கிவிடுவது வழக்கம். வலியுல்லாவின் பெயரில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை. இரண்டு பிள்ளைகளை வளைகுடாவுக்கு வேலைக்கு அனுப்பிவிட்ட, அதிர்ந்து பேசாத ஒரு மனிதரைப் பார்த்து எப்படி 'வலி சார்' என்று கூப்பிடுவது?

அவர் விதி மீறாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு டயானாவுடையது. நொச்சிக்குப்பத்துப் பெண். அம்மா லூப் ரோட்டில் மீன் விற்கிறார். கல்லூரி முடித்ததும் கம்ப்ளையன்ஸ் பிரிவில் சேர்ந்து, மூத்தவர்களே எழுந்து நிற்கும் அளவுக்கு உயர்ந்துவிட்டாள். ஆபீசில் அளந்துதான் பேசுவாள். கோபம் வந்தால் மட்டும் குப்பம் எட்டிப் பார்க்கும்.

"கேட்டுக்குங்க," என்று முதல் கூட்டத்திலேயே அவள் சொன்னாள். "யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கக் கூடாது. திரும்பி வருவோம்னு சொல்லக் கூடாது. யார் என்ன கேட்டாலும் தலைமையகம் அனுப்பின ஒரே பதில். 'மே மாதத்துக்குப் பிறகு உங்கள் பெட்டி இயங்காது.' அவ்ளோதான். அதுக்கப்புறம் அந்த நாட்டுல ஒரு பெட்டி உயிரோட இருந்தாலும் நம்ம எல்லாரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்."

"பூனை பட்டினி கெடக்குமேம்மா," என்றார் வலியுல்லா.

"பூனைக்கு நம்ம கம்ப்ளையன்ஸ்ல இடம் இல்ல சார்."

கோபமாக வந்த கடிதங்களுக்கெல்லாம் அந்த ஒரே பதில் போயிற்று. கெனாடி என்றொருவன் எழுதியதும் அவற்றில் ஒன்று. ரஷ்ய மொழியில் இருந்ததைக் கம்ப்யூட்டர் மொழிபெயர்த்துக் காட்டியது. 'அவசரமாக நாட்டை விட்டுப் போகிறேன். வாஸ்யாவின் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? பெட்டி வேலை செய்யுமா?' அதற்கும் அந்தப் பதிலையே அனுப்பினார்கள். பிறகு அவன் கணக்கை முடக்கினார்கள்.

கடைசி நாளன்று வலியுல்லா ஒவ்வொரு பெட்டியாக அணைத்துக்கொண்டு வந்தார். அணைப்பதற்கு முன் கிண்ணத்தின் படம் ஒரு கணம் திரையில் வந்துபோகும். எல்லாம் காலிக் கிண்ணங்கள். சிலர் பெட்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். கெனாடியின் பெட்டி வந்தபோது கிண்ணத்துக்கு முன்னால் ஒரு சாம்பல் நிறப் பூனை உட்கார்ந்திருந்தது. முன்கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு நேராகக் கேமராவைப் பார்த்தது. வாயைத் திறந்தது. சத்தம் கேட்கவில்லை. என்ன சொல்கிறது என்பதில் வலியுல்லாவுக்குச் சந்தேகமில்லை.

'வாஸ்யா,' என்று அவர் மனதுக்குள் சொன்னார். அவர் விரல் கீழே இறங்கவில்லை.

அன்று அவர் தன் உத்தியோக வாழ்க்கையில் முதல் தப்பைச் செய்தார். அந்தப் பெட்டியை ரஷ்யக் கணக்கிலிருந்து எடுத்து, ஊழியர்கள் சோதனைக்கு வைத்திருக்கும் பெட்டிகளோடு சேர்த்து, 'நந்தனம் சோதனைப் பெட்டி' என்று பெயரையும் மாற்றிவிட்டார்.

காலைச் சாப்பாட்டைக் கழிப்பறையிலிருந்தும் இரவுச் சாப்பாட்டை லஸ் முனைக்குப் பின்னால் இருந்த தன் வீட்டு மொட்டை மாடியிலிருந்தும் போட்டார். மாடிக்குப் போகக் காரணம் வேண்டுமல்லவா? காயப்போட்ட துணியை எடுத்து வருவதாகச் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கைக்குட்டையைக்கூட மடித்தறியாத மனிதர் தினமும் துணி எடுக்கக் கிளம்பியதை அவர் மனைவி சகினா பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் மட்டும், "என்னங்க, இன்னிக்குத் துணியே துவைக்கலையே?" என்றாள்.

"நேத்து ஏதாவது விட்டுப்போயிருக்கும்," என்று சொல்லிவிட்டு அவர் படியேறினார்.

பூனை விஷயத்தை அவளிடம் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. வலியுல்லா பூனைகளோடு வளர்ந்தவர். கல்யாணத்தின்போது அவர் வீட்டில் மூன்று பூனைகள் இருந்தன. சகினா வந்த முதல் வாரமே இளைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பூனை முடி ஆகாது என்றார் டாக்டர். அவள் வீடு திரும்புவதற்குள் மூன்று பூனைகளும் மூன்று உறவினர் வீடுகளுக்குப் போய்விட்டன. அதற்குப் பிறகு பூனை என்ற சொல்லே அந்த வீட்டில் எழவில்லை.

இப்போது பூனை பெருத்துக்கொண்டே போனது. பெருத்த பூனைக்குச் சர்க்கரை வியாதி வரும் என்று இணையத்தில் படித்துவிட்டு அவர் பாதியாகக் குறைத்தார். பூனை இன்னும் பெருத்தது. பெட்டிக்குள் தீனியின் அளவும் கணக்குக்கு மிஞ்சி இறங்கியது. பெட்டிதான் அளவு தப்பிக் கொட்டுகிறது என்று முடிவுகட்டினார். பிரச்சினை வந்தால் வாடிக்கையாளர்களிடம் அவர் என்ன சொல்வாரோ அதையே தனக்கும் சொல்லிக்கொண்டார். அளவை அழித்துவிட்டுப் புதிதாகப் பதியவைக்கும் ஆணையை அனுப்பினார்.

பெட்டி ஒருமுறை குலுங்கியது. பிறகு தன் அளவைத் தானே சோதித்துக்கொள்வதற்காக உள்ளே இருந்ததை எல்லாம் கொட்ட ஆரம்பித்தது. கிண்ணம் நிறைந்தது. கிண்ணத்துக்கு மேலே ஒரு குன்று எழுந்தது. குன்றின் சரிவில் பூனையின் இரண்டு காதுகள் மட்டும் தெரிந்தன.

"நிறுத்து! நிறுத்து!" என்று மொட்டை மாடியில் கத்தினார் வலியுல்லா.

எதிர் மாடியில் வற்றல் அள்ளிக்கொண்டிருந்த அம்மாள் கையை உதறிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

குன்று நான்கைந்து நாளில் கரைந்தது. பூனை இப்போது திரையில் முழுதாக அடங்கவில்லை. பெட்டியோ காலியாகும் நிலைக்கு வந்துவிட்டது. ஒருத்தர் நேரில் போய் நிரப்பினால்தான் உண்டு.

வலியுல்லா யோசித்தார். அந்த ஊரில் பூனைத் தீனியை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் கடை ஒன்றை இணையத்தில் கண்டுபிடித்தார். தட்டுத்தடுமாறி மொழிபெயர்த்து, மீன் சுவை சேர்த்த பெரிய பையாகத் தேர்ந்தெடுத்து, பக்கத்து வீட்டில் கொடுக்கும்படி குறிப்பும் எழுதி, கார்டு எண்ணைப் போட்டார். மறுத்துவிட்டது. மறுபடியும் போட்டார். மறுபடியும் மறுத்தது. எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நாலைந்து முறை போட்டார். வெளிநாட்டு கார்டுகள் அங்கே செல்லாது என்பதை அவர் அந்த மார்ச் மாதமே செய்தியில் படித்திருந்தார். படித்ததைப் பூனை மறக்கடித்திருந்தது.

சற்று நேரத்தில் சகினா போன் செய்தாள். வலியுல்லாவின் அக்கா அஃப்சருன்னிசா வீட்டில் கல்யாணம் வருகிறது. அக்காவும் சகினாவும் துணி எடுக்கத் தி.நகருக்குப் போயிருந்தார்கள்.

"என்னங்க, கார்டு செத்துப்போச்சு!"

"செத்துப்போச்சுன்னா?"

"பில் போடற பொண்ணு தேச்சுத் தேச்சுப் பாத்துட்டா. எனக்குப் பின்னாடி பாண்டி பஜாரே வரிசையில நிக்குது. உங்க அக்கா 'நான் குடுக்கறேன், நான் குடுக்கறேன்'னு மேல் மாடிக்குக் கேக்கற மாதிரி சொல்லிக்கிட்டு நிக்கிறாங்க. நான் எங்கங்க மூஞ்சிய வச்சுக்கறது?"

"மெஷின் கோளாறா இருக்கும்."

"மெஷின் கோளாறு இல்ல. பேங்க்ல இருந்து இப்பதான் எனக்குப் பேசினாங்க. வீட்டுக்கு வாங்க, சொல்றேன்." அவள் போனை வைத்துவிட்டாள்.

சேர்ந்து வைத்திருக்கும் வங்கிக் கணக்கில் சகினாவின் போன் எண்ணைத்தான் கொடுத்திருந்தோம் என்பது வலியுல்லாவுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

வீட்டில் சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் சகினா உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு நாற்காலி அவருக்காக இழுத்துப் போடப்பட்டிருந்தது. வலியுல்லா செல்போனை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"ரஷ்யாவுல உங்களுக்கு யாரு இருக்கா?"

"ரஷ்யாவுலயா?"

"நம்ம கார்ட வச்சு ரஷ்யாவுல ஏதோ வாங்கப் பாத்திருக்காங்களாம். திருட்டா இருக்கும்னு பேங்க்ல அடைச்சுட்டாங்க. 'மேடம், உங்க வீட்டுல யாராவது ரஷ்யா போயிருக்காங்களா'ன்னு அந்தப் பொண்ணு கேக்குது. இல்லம்மா, மொட்ட மாடிக்குத்தான் போவாருன்னு சொன்னேன்."

அந்த நேரம் பார்த்து செல்போன் சிணுங்கியது. தினமும் இரவு அந்த நேரத்துக்கு அவர் வைத்திருந்த அலாரம். திரையில் எழுத்து பளிச்சென்று ஒளிர்ந்தது. 'வாஸ்யா சாப்பாடு.'

சகினா குனிந்து படித்தாள். நிதானமாக இன்னொரு முறையும் படித்தாள்.

"யாருங்க வாஸ்யா?"

"சகினா, நீ நெனைக்கற மாதிரி இல்ல."

"நான் ஒண்ணும் நெனைக்கல. அவ சாப்பிட்டாளான்னு அலாரம் வச்சுக் கேக்கறீங்க. நான் சாப்பிட்டேனான்னு என்னைக்காவது கேட்டிருக்கீங்களா?"

"வாஸ்யா ஒரு பூனை."

சகினா போனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். 

"பூனையா?" என்றாள் சகினா. அவள் முகத்தில் கோபம் இறங்கி வேறு ஏதோ ஏறியது. "யா அல்லா! பொம்பளையா இருந்தாலாவது உங்க அக்காவக் கூட்டியாந்து சண்ட போடுவேன். பூனைன்னா நான் யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

வலியுல்லா எல்லாவற்றையும் சொன்னார். போர், தடை, கெனாடியின் கடிதம், கழிப்பறை, தீனிக் குன்று எல்லாவற்றையும். வேலை போய்விடலாம் என்பதையும் மறைக்கவில்லை. சொல்லச் சொல்ல அவர் குரல் தாழ்ந்துகொண்டே போனது.

சகினா மேசையில் கிடந்த போனை ஓரமாக நகர்த்தினாள்.

"தெருவுல ஒரு பூனை வந்தா நீங்க மூஞ்சியத் திருப்பிக்குவீங்க," என்றாள். "அதப் பாத்தா தூக்கணும்னு தோணும்னுதானே? இத்தன வருசமா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

அவர் மேசை விரிப்பின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அந்த மூணு பூனையையும் குடுத்துட்டு வந்த அன்னிக்கு, ஆஸ்பத்திரில எங்கிட்ட சிரிச்சுக்கிட்டே பேசினீங்க. சட்டையெல்லாம் பூனை முடி. நர்சு உங்களை வெளிய அனுப்பிட்டா. ஞாபகம் இருக்கா?"

"அதெல்லாம் எதுக்கு இப்ப?"

"ரஷ்யாவுல இருக்கற பூனையால எனக்கு ஒண்ணும் இளைப்பு வராது. காட்டுங்க அத."

அவர் படத்தைத் திறந்து காட்டினார். சகினா போனைக் கையில் வாங்கினாள். வாங்கியதும் ஒரு தும்மல் போட்டாள்.

"வெறும் படம்தான் சகினா!"

"பழக்கதோசம்," என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். பூனை பக்கவாட்டில் படுத்திருந்தது. சகினா திரையைப் பெரிதாக்கினாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள்.

"ரெண்டு புள்ள பெத்தவள வீட்டுல வச்சுக்கிட்டு இத குண்டுன்னு சொல்லிட்டுத் திரியறீங்களே! வயிறு எப்படித் தொங்குது பாருங்க. புள்ளத்தாச்சிங்க இது. இதுக்கா பாதிச் சாப்பாடு போட்டீங்க?"

வலியுல்லா எட்டிப் பார்த்தார். "மாசமாவா இருக்கு?"

"நகருங்க. எந்தப் பொத்தானு?"

சகினா அமுக்கினாள். நதிக்கரை வீட்டில் பெட்டி சுழன்றது. பூனை தலையைத் தூக்கியது. "சாப்பிடும்மா," என்றாள் சகினா, போனுக்குள் போய்விடுவதைப் போலக் குனிந்து. பிறகு அவர் பக்கம் திரும்பாமலே, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் ஆபீசுக்குள் நுழைந்ததுமே டயானா கண்ணாடி அறையிலிருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தச் சொன்னாள். திரையில் தலைமையகத்திலிருந்து வந்த மெயில் திறந்திருந்தது.

'நந்தனம் சோதனைப் பெட்டி என்ற கருவி ரஷ்யாவிலிருந்து இயங்குவதாகத் தெரிகிறது. வெளியேறிய பிறகு அந்நாட்டு வாடிக்கையாளர் எவருக்கேனும் சேவை அளிக்கப்பட்டதா? ஆம் அல்லது இல்லை. இன்று மாலைக்குள் பதில் தேவை.'

வலியுல்லா ஒருமுறை படித்தார். பயம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. முந்தின இரவு எல்லாவற்றையும் சொல்லிவிட்ட பழக்கம் இன்னும் மிச்சமிருந்தது.

"ஆம்னு போட்டுருங்கம்மா. கெனாடிங்கறவரோட பெட்டி. அவர் பூனைக்கு நான்தான் ரெண்டு வேளை சாப்பாடு போடறேன். என் பேரை மட்டும் போடுங்க."

டயானா பேனாவை உருட்டிக்கொண்டிருந்தாள். "உங்க பேரை மட்டும் போட முடியாது சார்."

"ஏம்மா? பசங்க யாருக்கும் இது தெரியாது."

"மத்தியானம் நான் போடறேன்."

வலியுல்லாவுக்குச் சரியாகக் காதில் விழவில்லை போலிருந்தது. "என்னது?"

"ஜூன்லயே பாத்துட்டேன் சார். நந்தனம் பெட்டின்னு போட்டுக்கீது, தொறந்தா நந்தனத்துல இல்லாத பூனை உக்காந்துகினு கீது! அப்பவே உங்கள மாட்டி விட்டிருக்கணும். நான் இன்னா பண்றது? காலிக் கிண்ணத்துக்கு முன்னாடி மூஞ்சியத் தூக்கிகினு பாக்குது சார் அது. கடல்ல இருந்து படகு வரும்போது எங்க ஏரியா பூனைங்க அப்படித்தான் பாக்கும். எங்கம்மா ஒரு நாளும் வெறுங்கையோட அனுப்பாது." அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். "நீங்க காலையில கொஞ்சமாப் போடறீங்கன்னு பாத்தேன். கஞ்சம் பிடிக்கிறீங்கன்னு நெனச்சு நான் ரெண்டு தபா போட்டேன்."

"அதான் தீனி அப்படி இறங்குச்சா!"

"நான் நீங்கதான் திருட்டுத்தனமா ராத்திரி அள்ளிப் போடறீங்கன்னு நெனச்சுகினு இருந்தேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் வலியுல்லா நாற்காலியில் சாய்ந்தார்.

"அது மாசமா இருக்கும்மா. எம் பொண்டாட்டி சொன்னா."

"அய்யோ!" டயானா உடனே கேமராவைத் திறந்தாள். கிண்ணம் காலியாக இருந்தது. பூனையைக் காணோம். அவள் பொத்தானை அமுக்கினாள். பெட்டி கரகரவென்று சுழன்றது. ஒரு துணுக்குகூட விழவில்லை. இன்னொரு முறை அமுக்கினாள். வெறும் சத்தம்தான்.

திரையின் ஓரத்தில் ஏதோ அசைந்தது. பூனை வந்தது. நேற்று இருந்த வயிறு இல்லை. இடுப்பு ஒட்டியிருந்தது. வாயில் ஈரத் துணிப் பொட்டலம் போல ஒன்றைக் கவ்வியிருந்தது. அதைக் காலிக் கிண்ணத்துக்குள் மெல்ல இறக்கி வைத்தது. பொட்டலம் நெளிந்தது. பூனை போய் இன்னொன்றைக் கொண்டுவந்தது. மறுபடியும் போயிற்று. கிண்ணத்தில் நான்கு குட்டிகள் சேர்ந்ததும், தன் குடும்பத்தைக் காட்டுவதைப் போல ஒதுங்கி உட்கார்ந்து கேமராவைப் பார்த்தது. வாயைத் திறந்து ஒருமுறை கேட்டது.

வலியுல்லா கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "பெத்தவ பசியோட உக்காந்திருக்காம்மா. வேலை போனாப் போகுது. போறதுக்கு முன்னாடி அந்தப் பெட்டிய நிரப்பணும்."

"வாடிக்கையாளர்கிட்டப் பேசக் கூடாது," என்றாள் டயானா. அது அவளே போட்ட விதி. சொல்லி முடிப்பதற்குள் கெனாடியின் பழைய மெயில் முகவரியைத் தேடி எடுத்திருந்தாள். தன் சொந்த மெயிலிலிருந்து அவனுக்கு இரண்டு வரி எழுதினாள். சென்னையிலிருந்து பேசுகிறோம், உங்கள் பூனை விஷயம், மிக அவசரம் என்று எழுதித் தன் எண்ணையும் கொடுத்தாள். பிறகு தலைமையகத்து மெயிலுக்குப் பதிலாக 'ஆம்' என்று அடித்து, கீழே வலியுல்லாவின் பெயரையும் தன் பெயரையும் போட்டாள். அனுப்பாமல் காத்திருந்தாள். வேலை போய்விட்டால் கேமராவும் போய்விடும்.

சகினா போன் செய்தாள். "சாப்பிட்டாளா?"

"நாலு குட்டி போட்டிருக்கு சகினா."

அந்தப் பக்கத்தில் ஒரு தும்மல் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். அது இளைப்பில்லை என்பது அவருக்குத் தெரிந்தது.

மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியபோது டயானாவின் போனுக்கு வீடியோ அழைப்பு வந்தது. கலைந்த தாடியோடு ஓர் இளைஞன், சாமான்கள் அதிகமில்லாத ஓர் அறையில் தரையில் உட்கார்ந்திருந்தான். கெனாடி. ஜார்ஜியா நாட்டில், திபிலிசியில் இருக்கிறானாம். ஆங்கிலத்தில் தயங்கித் தயங்கிப் பேசினான்.

வலியுல்லா மூச்சு விடாமல் சொன்னார். பெட்டியை அணைக்கவில்லை என்பதையும், காலை மதியம் இரவு என்று இத்தனை நாளும் சாப்பாடு போட்டதையும், இப்போது உள்ளே ஒரு பருக்கை இல்லை என்பதையும் சொன்னார். "உங்க வீட்டுச் சாவி யாருகிட்டயாவது இருக்கா தம்பி? இப்பவே யாராவது போய் நிரப்பணும்."

கெனாடி புரியாமல் பார்த்தான். "பக்கத்து வீட்டு அக்காகிட்ட இருக்கு. அலமாரில இன்னொரு பையும் இருக்கு." பிறகு நம்பமுடியாதவனாகக் கேட்டான். "நீங்களா? இந்தியாவுல இருந்தா? தினமுமா?"

"தினமும்."

 நாட்டை விட்டு வந்த பிறகு அந்த வீட்டைப் பற்றித் தன்னிடம் கேட்ட முதல் ஆட்கள் இவர்கள்தான் என்றான் அவன். முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு அக்காவுக்கு அப்போதே செய்தி அனுப்பினான். இதோ போகிறேன் என்று அவள் உடனே பதில் எழுதியதையும் படித்துக் காட்டினான். டயானா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"இன்னொரு நல்ல சேதி தம்பி," என்றார் வலியுல்லா.  டயானாவின் கம்ப்யூட்டர் திரையை அவன் பார்க்கும்படி போனைத் திருப்பிப் பிடித்தார். "பாருங்க உங்க வாஸ்யாவ. தாயும் நாலு பிள்ளைகளும் நல்லா இருக்காங்க."

கெனாடி படத்தை உற்றுப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். பிறகு குனிந்து, மடியில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு தடித்த செம்பட்டைக் கடுவனை இரண்டு கையாலும் தூக்கிக் கேமராவுக்கு முன்னால் பிடித்தான்.

"ரொம்ப அழகா இருக்காங்க சார். ஆனா, பெட்டி இயங்காதுன்னு நீங்க எழுதினதும் நான் இவனைக் கையோட கூட்டிக்கிட்டு வந்துட்டேன். வாஸ்யா இவன்தான். அது யாரு?"